நிறம் மாறும் கொடியும் தேன்சிட்டும்

பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளைக் காணக் குளிர்காலத்தில் வெளியூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த குடியிருப்புகளில் வாழும் மாணவர்கள் பறவைகளை ஆராய அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. கொல்லைச் சுவரில் ஓர் இரங்கூன் மல்லிக் கொடி படர்ந்திருந்தால் போதும்.

இக்கொடிக்கு முன்னர் வழங்கிய தாவரவியல் பெயர் குவிஸ்குவாலிஸ் இண்டிகா. இலத்தீனில் ‘குவிஸ்’ என்றால் யார். ‘குவாலிஸ்’ என்றால் எத்தகையது. வேடிக்கையான பெயர்தான், ஆனால் காரணம் உண்டு. இளமையில் இது புதர்போல் நிற்கும். பிறகே கொடியாகப் படரும். புடலுக்கும் பாகலுக்கும் உள்ள பற்றுக்கம்பிகள் இதற்கு இல்லை. இலை உதிர்ந்த பின் காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, இறுகி முள்ளாகிவிடும். அதுவே கொடி பற்றி ஏறுவதற்கான கொக்கி.

மாலை மங்கும் வேளையில் மொட்டுகள் விரிகின்றன. அப்போது மலர் வெண்மை, மணமும் மிகுதி. மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் அடர்சிவப்பு. ஆந்தோசயனின் என்னும் நிறமி இதழ்களில் பெருகுவதே இம்மாற்றத்துக்குக் காரணம். ஒரு மொட்டின் காம்பில் நூல் கட்டி, காலையும் மாலையும் நிறத்தைக் குறித்து வாருங்கள். ஒரே கொத்தில் மூன்று நிறங்கள் தோன்றும் மர்மம் விளங்கிவிடும்.

யாருக்காக இந்த ஏற்பாடு? மலரின் குழல் ஏறத்தாழ 5 முதல் 7 செ.மீ. நீளமுடையது. இரவில் வெண்மையும் மணமும் கண்டு வருபவை நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சிகள். பகலில், சிவந்த மலர்களைத் தேடித் தேனீக்களும் தேன்சிட்டுகளும் வருகின்றன.

நம் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. உடல் நீளம் 10 செ.மீ.க்கும் குறைவு, அலகோ 2 செ.மீ. கூட இராது. பிறகு குழலின் அடியிலுள்ள தேன் அதற்கு எப்படி எட்டும்? நீண்ட குழல் மலர்களின் அடியில் அலகால் துளையிட்டுத் தேனை உறிஞ்சும் வழக்கம் தேன்சிட்டுகளுக்கு உண்டு. அவ்வாறு குடித்தால் மகரந்தம் பறவையின் மேல் ஒட்டாது, மலருக்கு இலாபமில்லை. தேன்சிட்டு உங்கள் கொடிக்கு நண்பனா, திருடனா? உதிர்ந்த மலர்களைப் பொறுக்கி, குழலின் அடியில் கீறல் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பத்து மலர்களில் எத்தனையில் கீறல் என்று எண்ணினால் விடை கிட்டும்.

இப்பறவை தேனை மட்டும் நம்பி வாழ்வதில்லை. குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளும் சிலந்திகளும் வேண்டும். கூடு கட்டவும் சிலந்தி நூல் தேவை. நாரையும் சருகையும் அந்நூலால் பிணைத்து, பக்கவாட்டில் வாசல் வைத்து, பெண் பறவை பை போன்ற கூட்டைத் தொங்கவிடுகிறது. பார்ப்பதற்குக் காற்றில் சிக்கிய குப்பை போலவே இருக்கும். ஒட்டடை அடிப்பவர்கள் அதையும் சேர்த்து இழுத்துவிடுவது அதனால்தான்! கொடியில் பூச்சிமருந்து தெளித்தாலோ குஞ்சுகளின் உணவு போய்விடும்.

வழக்கமாக 2 முட்டைகள். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு வாரம். எனவே கூடு தென்பட்டால், கொடியைக் கத்தரிப்பதைக் குறைந்தது ஒரு மாதமேனும் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.