டப்பாவுக்குள் எந்தச் சாளை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து மீன் டின்கள் வரிசையாக நின்றன. இரண்டு, கத்தாரிலிருந்து லீவில் வந்த மச்சான் கொடுத்தவை. ஒன்று, கோலாலம்பூர் சித்தி அனுப்பியது. மற்ற இரண்டும் நான் காசு கொடுத்து வாங்கியவை. என்ன விலை என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"கடப்புறத்துல சாளை குவிஞ்சு கெடக்கு. இதப் போயி டப்பாவுல வாங்கித் திங்கணுமா மக்கா?"

நாகர்கோவில் பக்கம் சாளை. சென்னையிலும் கேரளத்திலும் மத்தி. காலையில் பிடித்ததை மதியம் தின்று வளர்ந்தவர்களுக்கு டின் மீன் மேல் ஓர் இளக்காரம் இருக்கும். எனக்கும் வெகுநாள் இருந்தது. இளக்காரத்தோடு சேர்ந்து சில உறுதியான கருத்துகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தப்பு.

"சார்டின் என்பது ஒரு மீனின் பெயர்."

ஒரு பெரிய குடும்பத்தின் பெயர் என்றால்தான் சரி. அந்தக் குடும்பத்துக்குள் சொத்துத் தகராறும் உண்டு. உலக நாடுகள் சேர்ந்து வகுத்த கோடெக்ஸ் உணவுத் தர விதிப்படி, அடைமொழி ஏதுமில்லாமல் வெறும் 'சார்டின்' என்று டின்னில் அச்சடிக்கும் உரிமை ஒரே ஓர் இனத்துக்குத்தான்: ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலிலும் மொராக்கோவிலும் கிடைக்கும் சார்டினா பில்கார்டஸ். ஆனால் அதே விதி இன்னும் இருபது சொச்சம் இனங்களுக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நாட்டின் பெயரையோ கடலின் பெயரையோ இனத்தின் பெயரையோ முன்னால் ஒட்டிக்கொண்டு அவையும் சார்டின் ஆகலாம். நெத்திலி இனங்கள் சில அந்தப் பட்டியலில் உண்டு. வடகடலின் ஹெர்ரிங் உண்டு. சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்ற பெயரில் நம் ஊர்ச் சாளையும் உண்டு!

ஐரோப்பியர்கள் இதை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் மீனைத் தவிர வேறெதுவும் தங்கள் சந்தையில் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று 1989-இல் சட்டம் போட்டார்கள். பசிபிக் கடல் மீனை டின்னில் அடைக்கும் பெரு நாடு 2001-இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2002-இல் மேல்முறையீடு வரை நின்று ஜெயித்தது. இதற்கும் முந்தைய சண்டை ஒன்று லண்டனில் நடந்தது. நார்வேயின் பிரிஸ்லிங் என்ற பொடிமீனை சார்டின் என்று விற்ற ஆங்கிலேய வியாபாரி மேல் வழக்குப் போட்டார்கள். பிரிஸ்லிங் சார்டின் இல்லை என்று 1915-இல் தீர்ப்பானது. அதன்பின் அந்த வியாபாரி 'ஸ்கிப்பர்ஸ்' என்று மொட்டையாகப் பெயர் போட்டு அதே மீனை விற்றார். சனமும் அதே மீனை வாங்கித் தின்றது.

இது வக்கீல்களின் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 'எந்த பிராண்ட் சார்டின் நல்லது?' என்று கேட்பவர்கள் பாதிப் பேர் வெவ்வேறு மீன்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் சார்டின் என்று விற்பது இளம் ஹெர்ரிங். தென்னாப்பிரிக்காவில் டர்பன் தமிழர்கள் குழம்பு வைக்கிற பில்சர்ட் டின்னில் இருப்பது பெருவின் அதே பசிபிக் இனம்; உள்ளங்கை அகலத் துண்டுகளாக இருக்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் 'ரின்மீன்' என்று கட்லட்டுக்கும் குழம்புக்கும் உடைக்கிறார்களே, அது பெரும்பாலும் சார்டினே கிடையாது, மெக்கரல் வகை. லேபிளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் லத்தீன் பெயர் போட்டிருந்தால் அதை முதலில் படிப்பது என்று பழக்கிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கப் படம் எதையும் சொல்லாது.

"விற்காத மீனை மருந்து போட்டு டின்னில் அடைக்கிறார்கள்."

அம்மாவின் கட்சி இது. மருந்து தேவையே இல்லை. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், காற்றுப் புகாமல் மூடிக் கொதிக்கவைத்தால் உணவு கெடாது என்று கண்டுபிடித்து 1810-இல் புத்தகமாகவே போட்டார். ஏன் கெடாது என்று அவருக்கே தெரியாது; பாஸ்டர் வந்து கிருமியைக் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. 1820-களில் நாந்த் நகரத்தில் ஜோசஃப் கொலின் அந்த வித்தையைச் சார்டினுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் வேலை அதேதான். மூடிய டின்னை அழுத்தக் கலத்தில் 115 முதல் 121 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். உள்ளே எதுவும் பிழைக்காது. உப்பு, ருசிக்கு மட்டும்.

மீனின் பழமை பற்றி: நல்ல தொழிற்சாலைகள் துறைமுகத்தை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் உண்டு. போர்ச்சுகலில் மத்தோசின்யோஸ், பிரான்சின் பிரிட்டனியில் துவார்னனே, மொராக்கோவில் சஃபி, அகாதிர் எல்லாம் படகும் ஆலையும் அருகருகே இருக்கும் ஊர்கள். துவார்னனேயில் ஆலைப் பெண்கள் அணிந்த தலைத்துணியை வைத்து ஊர்க்காரர்களுக்கே 'சார்டின் தலை' என்று பட்டப்பெயர். 1924-இல் அந்தப் பெண்கள் கூலி உயர்வு கேட்டுச் செய்த வேலைநிறுத்தம் பிரெஞ்சுத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய சம்பவம். உறையவைத்த மீனை வாங்கி அடைக்கும் ஆலைகளும் உலகத்தில் ஏராளம், மறுக்கவில்லை. வித்தியாசம் டின்னைத் திறந்தால் தெரியும். நல்ல மீன் என்றால் தோல் கிழியாமல் வெள்ளியாக மினுங்கும், வயிறு வெடித்திருக்காது. முள்கரண்டியால் தொட்டால் மாவாக உதிராது, ஏடு ஏடாகப் பிரியும்.

"தேதி நெருங்கினால் தள்ளிவிட வேண்டும்."

எண்ணெயில் அடைத்த சார்டினுக்கு நேர்மாறு. அதை நாரத்தங்காய் ஊறுகாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். போட்ட மாதமே தின்றால் உப்புத் தனியாக, எண்ணெய் தனியாக, மீன் தனியாக நிற்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடந்தால் எண்ணெய் சதைக்குள் இறங்கி எல்லாம் ஒன்றாகிவிடும். பிரிட்டனியில் பிடித்த வருஷத்தை டின் மேலேயே அச்சடித்து விற்கிறார்கள். வாங்கியவர்கள் சில மாதத்துக்கு ஒரு தடவை டின்னைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்கள், எல்லாப் பக்கமும் ஊறட்டும் என்று. தக்காளிச் சாற்றில் அடைத்ததை இப்படிப் பாதுகாக்காதீர்கள். புளிப்பு டின்னையும் மீனையும் கெடுக்கும்.

உப்பியிருக்கிற டின், நசுங்கி ஓரம் விட்ட டின் இரண்டையும் தேதி பார்க்காமல் குப்பையில் போடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

"ஆலிவ் எண்ணெயில் இருப்பதுதான் உசத்தி, மற்றதெல்லாம் மட்டம்."

ஐந்து டின்னைத் திறந்ததே இதைப் பார்க்கத்தான்.

முதலில் நார்வே பாணி பிரிஸ்லிங். மூடியை உரித்ததும் வீட்டில் புகை வாசனை. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் இரண்டு அடுக்காக, நம் நெத்திலியை நெருக்கி அடுக்கியது போல. இதைக் குடல் எடுக்காமலே அடைக்கிறார்கள். அதனால் பிடித்தவுடன் வலைக்குள்ளேயே சில நாள் உயிரோடு பட்டினி போட்டு வயிற்றைக் காலியாக்குவது அங்கே பழைய வழக்கம். பிறகு மெல்லப் புகை காட்டி எண்ணெயில் இடுகிறார்கள். சின்ன மீன் என்பதால் உசத்தி என்று சிலர் சொல்கிறார்கள். இது வேறு மீன், வேறு பக்குவம், அவ்வளவுதான். கொழுத்த பெரிய சார்டினோடு இதைப் போட்டிக்கு விடுவது சாளையையும் நெத்திலியையும் மோதவிடுவது போல.

அடுத்து போர்ச்சுகலின் நூரி. மத்தோசின்யோஸில் 1920-இல் தொடங்கிய பின்யாயிஸ் ஆலையின் சரக்கு. இன்றும் கையால் அடுக்கி, கையாலேயே காகிதம் சுற்றுகிறார்கள். மீனை முதலில் ஆவியில் வேகவைத்து, பிறகு டின்னில் வைத்து, காரவகை என்றால் ஒரு மிளகாய், காரட் வில்லை, ஊறின வெள்ளரி வில்லை, கிராம்பு, மிளகு, பிரிஞ்சி இலை எல்லாம் சேர்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அம்மா மிளகாயைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். "இவனுக்கு கொஞ்சம் வெவரம் இருக்கு" என்றாள். ஐந்தில் அவளிடம் பாராட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

மூன்றாவது, வருஷம் அச்சடித்த பிரிட்டனி டின். இவர்கள் பழைய முறைப்படி மீனை எண்ணெயில் பொரித்து வடியவிட்டு அப்புறம் அடைக்கிறார்கள். அதனால் சதை இறுக்கமாக இருந்தது, வெண்ணெய் போலக் கரையவில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். இதற்கு மேல் ஒரு துளி எலுமிச்சைகூட வேண்டாம்.

மொராக்கோ டின் சூரியகாந்தி எண்ணெயில் இருந்தது. டின் சார்டின் ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடம் மொராக்கோவுக்கு. மீன் என்னவோ போர்ச்சுகலில் இருந்த அதே இனம். விலை மூன்றில் ஒரு பங்குகூட வராது. சூரியகாந்தி எண்ணெய்க்குத் தனி மணம் கிடையாது; அது குறை என்றால் குறை. எனக்கென்னவோ மீனின் மணம் இதில்தான் மறைக்கப்படாமல் வந்தது போலிருந்தது. மோசமான ஆலிவ் எண்ணெயைவிட நல்ல சூரியகாந்தி எண்ணெய் எவ்வளவோ மேல்.

சித்தி அனுப்பிய மலேசிய டின் தக்காளிச் சாற்றில். இதை அப்படியே கரண்டியில் எடுத்துத் தின்றுவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பச்சை மாவைத் தின்றுவிட்டு தோசையைத் திட்டுவது போல. அங்கே யாரும் அதை அப்படித் தின்பதில்லை. பெரிய வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, சம்பல் மிளகாய் சேர்த்து, டின்னைச் சாற்றோடு கவிழ்த்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிவார்கள். எண்ணெய் டின் சமைத்து முடித்த பதார்த்தம். தக்காளி டின் சமையலுக்கான சரக்கு. இரண்டுக்கும் ஒரே மார்க் ஷீட் போடக் கூடாது.

இங்கே ஒரு சங்கதி. ஃபிரிட்ஜில் வைத்த டின்னைத் திறந்து, எண்ணெய் வெள்ளையாக உறைந்திருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஆலிவ் எண்ணெய் குளிரில் அப்படித்தான். அரை மணி நேரம் வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.

"டின்னுக்குள் கண்ணாடித் துண்டு."

இதில் நானே குற்றவாளி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டின்னில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பல்லில் நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தால் அரிசி அளவில் நிறமற்ற துண்டு, ஓரம் கூராக. கடைக்குப் போய் ஊரைக் கூட்டினேன். கடைக்காரர் பாவம், பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, அது ஸ்ட்ரூவைட் என்ற படிகம். மீனில் இயல்பாக இருக்கும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் அமோனியாவும் டின் ஆறும்போது சேர்ந்து கட்டுவது. தீங்கில்லை. சந்தேகம் வந்தால் கொஞ்சம் வினிகரைச் சூடாக்கி அதில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் கரைந்தால் படிகம், கரையாவிட்டால் கண்ணாடி. நான் போட்டுப் பார்த்தேன். கரைந்தது. அந்தக் கடைப் பக்கம் போக இன்னும் கூச்சமாக இருக்கிறது.

"முள்ளை எடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்."

அழுத்தக் கலத்தின் சூட்டில் முள் சாக்பீஸ் போல நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. அதைத் தூக்கிப் போட்டால் சுண்ணாம்புச் சத்தைத் தூக்கிப் போட்டதாகும். முள்ளோடு 100 கிராம் சார்டினில் ஏறத்தாழ 380 மில்லிகிராம் கால்சியம், அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலைவிட அதிகம். தோலும் முள்ளும் நீக்கியது என்று கூடுதல் விலைக்கு ஒரு வகை விற்கிறார்கள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பும் அதோடு போய்விடும்.

"கடல் மீனில் பாதரசம், டின் மீனில் இன்னும் மோசம்."

பாதரசம் பெரிய மீன்களின் பிரச்சினை. சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, பல வருஷம் வாழ்ந்து உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. சார்டின் கடல் நுண்ணுயிர்களைத் தின்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் சார்டினின் சராசரி பத்து லட்சத்தில் 0.013 பங்கு, டின்னில் வரும் அல்பகோர் சூரையில் 0.35.

ஆனால் யூரிக் அமிலம் கூடி கட்டைவிரல் வீங்குகிறவர்களுக்கு இந்த மீன் ஆகாது, பியூரின் அதிகம். இரத்த அழுத்தக்காரர்கள் உப்பளவைப் பார்த்து வாங்க வேண்டும். திறந்த டின்னை வெளியே போட்டுவைத்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது. மிச்சத்தைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அன்றைக்கு மிச்சம் வரவில்லை. எண்ணெய் டின் நான்கும் காலியானதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு கொஞ்சம் இருந்தது. அதை மசித்து, நூரி டின்னில் மிஞ்சிய எண்ணெயை மிளகாயோடு அதன் மேல் வழித்து ஊற்றி, சின்ன உள்ளி நாலு நறுக்கிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சாளைப் புளிமுளம் மாதிரி வராது" என்றாள், தட்டைவிட்டுத் தலை நிமிராமல். கொஞ்ச நேரம் கழித்து, "மச்சான் திரும்ப எப்ப வாரான்?"