அவையில் மறுத்தல்

நுழையும்முன்
மொழியாசிரியர் பலர் கூடும் அவையில் கருத்து வேறுபாடு எழாமல் இராது. எதனை மறுக்கலாம், எவ்வாறு மறுக்கலாம் என்பதற்குக் கல்வெட்டிலும் இலக்கணத்திலும் உரைகளிலும் சான்றுகள் உள்ளன.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவைப்பொறுப்புக்கு யார் வரலாம் என்பதில் இத்துணைக் கண்டிப்பு! வந்தபின் எவ்வாறு பேசவேண்டும் என்பதற்குச் சான்று தேடின், திருநெல்வேலி மாவட்டத்து மானூருக்குச் செல்லவேண்டும்.

ஏறத்தாழ பொ.ஆ. 800இல் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் பொறிக்கப்பட்ட மானூர்க் கல்வெட்டு, சபையில் எதனைச் சொன்னாலும் 'அன்று' என்று தடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. அச்செயலைக் 'குத்துக்கால்' என அது குறிக்கிறது. ஒரு கருத்தை மறுத்தமைக்காக இத்தண்டம் விதிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் மறுக்கும் பழக்கத்திற்கே விதிக்கப்பட்டது.

நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்பது நன்னூல். உடன்படுதலோடு, மறுத்தலும் பிறர்நூலின் குற்றம் காட்டலும் அவ்வேழனுள் அடங்கும். ஆகவே, குற்றம் காட்டுவதே பண்பின்மை எனக் கருதுதல் நம் மரபன்று.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பரிமேலழகர், திருக்குறளுக்குத் தமக்குமுன் உரைகண்டோரை மறுக்குமிடத்துப் பெரும்பாலும் பெயர் சுட்டுவதில்லை. 'என்று உரைப்பாரும் உளர்' என அவர்தம் பொருளை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணம் கூறி மேற்செல்வார். படிப்பவர் மனத்தில் குறளின் பொருள் நிற்கும். தோற்றவர் யாரென்பது நில்லாது. காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தைப் பாடிய சிவஞான முனிவரின் போக்கு வேறு. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து அவர் இயற்றிய நூலின் பெயரே 'இலக்கண விளக்கச் சூறாவளி'. அதன் புலமை வியக்கத்தக்கது. ஆயினும், ஒரு விளக்கை எதிர்க்கச் சூறாவளி வேண்டுமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுப்பு நூலை விட்டு ஆளை நோக்கித் திரும்பினால் நேர்வதை அருட்பா – மருட்பாப் பூசல் காட்டும். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என வழங்கலாமா என்பது ஆராயத்தக்க வினாவே. வசைமொழிகள் பெருகவே, 1869இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்காக அது மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை அடைந்தது. பரிமேலழகர் உரையை 1861இல் பதிப்பித்தவரும் அந்நாவலரே. இருவரும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் அதனைத் தொடர்ந்தனர்.

இன்று ஆசிரியர் கூட்டமொன்றில், 'உத்தரமேரூர்' என எழுதுவதா, 'உத்திரமேரூர்' என எழுதுவதா என்னும் வினா எழுவதாகக் கொள்வோம். கல்வெட்டில் 'உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்' என்றுள்ளது என்பார் ஒருவர். ஊர்ப்பெயருக்கு மக்கள் வழக்கே சான்று என்பார் மற்றொருவர். இரண்டிற்கும் இடமுண்டு. 'நீங்கள் எந்தக் கல்லூரியில் பயின்றீர்கள்?' என்று மூத்தவர் ஒருவர் இடையில் கேட்டுவிட்டால், பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன ஆசிரியர் பிறகு வாய்திறவார். அவர் கொண்டுவந்த சான்றும் அவருடைய பைக்குள்ளேயே வீடு திரும்பும்.