துண்டில் எழுதினால் போதுமா?

காது கேளாதவர் வைத்தியரிடம் போனால் துண்டில் எழுதிக் காட்டலாமே என்பீர்கள். நம்மவர் பலர் குடியேறியுள்ள கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் செவிப்புலனற்ற தாயொருத்தி குறைமாதத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. பிரசவ வேளையில் ஒரு பிள்ளையின் இதயத் துடிப்புக் குறைந்ததைத் தாதி கையசைவால் காட்டினாள். பிறந்ததும் பிள்ளைகளை உடனே கொண்டுபோய்விட்டார்கள். நலம் என்று துண்டில் எழுதிக் காட்டியதற்குமேல் எவரும் எதையும் விளக்கவில்லை. அந்த நேரம் பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாகாணம் முழுவதற்கும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த அப்போது 150,000 டொலர் போதுமாயிருந்தது. சுகாதாரச் செலவில் 0.0025 வீதம். (இதற்கா இத்தனை இழுபறி?) வைத்தியரும் நோயாளியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வது மேலதிகச் சலுகையல்ல, வைத்தியத்தின் பகுதியே என 1997இல் தீர்ப்பாயிற்று.

சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்து இரண்டாம் மொழிதான். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடுவதும் தகாது. தாயின் அந்தரங்க நோயைப் பத்து வயதுச் சிறுமி எப்படிச் சொல்வாள்? நீங்கள் துணைக்குப் போனால், வைத்தியரை நோயாளியின் முகம் பார்த்தே பேசச் சொல்லுங்கள். மருந்து எத்தனை வேளை என்பதை, வெளியேறுமுன் நோயாளியே திருப்பிக் காட்டட்டும்.