இடமறிந்து நிறுத்துவோம்

கற்றல் நோக்கங்கள்
• அறிவியல் செய்தி கூறும் உரைநடையைப் படித்துப் பொருளுணர்தல்
• கலைச்சொற்களை அறிந்து பயன்படுத்துதல்



பள்ளி விடும் நேரம். வாயிலுக்கு வெளியே சாலையின் இடப்புறத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தம் மகளை அழைத்துச் செல்ல வந்த ஒருவர், இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள சிறிய இடைவெளியில் வண்டியை நிறுத்த முயல்கிறார். முன்பக்கம் நுழைகிறது, பின்பக்கம் சாலையிலேயே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே எடுத்து மீண்டும் முயல்கிறார். பின்னால் வந்த வண்டிகள் ஒலியெழுப்புகின்றன. அவர் நெற்றியில் வியர்வை அரும்புகிறது. சற்று முன்னால் இன்னும் பெரிய இடம் ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. ஏனோ, அதை அவர் கடந்து வந்துவிட்டார்.

சாலையோரத்திற்கு இணையாக, முன்னும் பின்னும் நிற்கும் வண்டிகளுக்கு இடையே காரை நிறுத்துவதைப் 'பேரலல் பார்க்கிங்' என்பர். தமிழில் இதனை இணை நிறுத்தம் எனலாம். புதிதாகக் கார் ஓட்டக் கற்போர் பெரிதும் அஞ்சுவது இதற்கே.

ஏன் பின்னோக்கிச் செல்லவேண்டும்?

பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்கள் மட்டுமே இடமும் வலமும் திரும்பும், பின்சக்கரங்கள் திரும்பா. எனவே, முன்பக்கமாக நுழைந்தால் பின்பகுதியைப் பக்கவாட்டில் உள்ளே தள்ள வழியில்லை. பின்னோக்கிச் சென்றாலோ பின்பகுதி முதலில் ஓரத்தை அடையும். திரும்பும் ஆற்றலுடைய முன்பகுதியைப் பிறகு எளிதாக உள்ளே கொண்டுவரலாம்.

முதலில், முன்னால் நிற்கும் காருக்கு இணையாக, ஏறத்தாழ மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். பின்னால் எவரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, திசைமாற்றியை இடப்புறம் திருப்பி மெதுவாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும். வண்டி சாய்வாக உள்ளே நுழைந்ததும் திசைமாற்றியை நேராக்கவேண்டும். நம் வண்டியின் முன்முனை, முன்னுள்ள காரை உரசாத நிலைக்கு வந்தபின் வலப்புறம் திருப்பினால் வண்டி ஓரத்திற்கு இணையாக வந்து நிற்கும்.

இதில் கணக்கும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன், காரின் நீளத்திற்கு மேல் எவ்வளவு இடம் தேவை என்பதைக் கண்டறிய 2009ஆம் ஆண்டில் ஒரு வாய்பாடு வகுத்தார். அதற்கு அடிப்படை, நீங்கள் கணித வகுப்பில் கற்கும் பிதாகரஸ் தேற்றமே!

தானே நிற்கும் கார்

கணக்கிட முடிவதைக் கணினியும் செய்யும் அன்றோ? 2003ஆம் ஆண்டில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் தன் 'பிரியஸ்' காரில் இவ்வசதியை அறிமுகம் செய்தது. நிறுத்தவேண்டிய இடத்தை ஓட்டுநர் திரையில் குறித்தால், திசைமாற்றி தானே திரும்பும். வேகத்தைத் தடைமிதியால் கட்டுப்படுத்துவது மட்டும் ஓட்டுநரின் பணி.

பின்னர் வந்த கார்கள் பலவற்றில் இடத்தை அளப்பவை மீயொலி உணரிகள். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலியை உணரி எழுப்புகிறது. அவ்வொலி எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எதிரொலி 0.01 நொடியில் திரும்பினால், போய்வந்த தொலைவு 3.4 மீட்டர், பொருள் இருப்பது 1.7 மீட்டர் தொலைவில். வௌவால் இருளில் வழியறிவதும் இம்முறையில்தான். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற உணரி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஆயினும் உணரிக்கும் எல்லை உண்டு. தரையோடு தாழ்ந்த கல், மெல்லிய கம்பி போன்றவை அதற்குத் தப்பலாம். ஆகவே, ஓட்டுநர் தம் கண்களுக்கு ஓய்வு கொடுத்தல் கூடாது.

இடம் யாருடையது?

மீண்டும் பள்ளி வாயிலுக்கு வருவோம். மறுநாள், தானே நிற்கும் கார் ஒன்று அங்கு வருகிறது. முன்னாள் நாம் கண்ட அந்தப் பெரிய இடம் இன்றும் காலியாக இருக்கிறது. உணரிகள் அளக்கின்றன. "இடம் போதும்" என்கிறது திரை. ஒருமுறைகூடப் பிசகாமல் கார் நேராக நிற்கிறது. ஓட்டுநர் மகிழ்ச்சியோடு இறங்குகிறார்.

மணி அடிக்கிறது. சக்கர நாற்காலியில் ஒரு மாணவர் வருகிறார். நடைபாதையிலிருந்து அவர் சாலைக்கு இறங்கும் சாய்தளம் அங்கேதான் இருக்கிறது. அவருக்காகவே மற்ற பெற்றோர் அந்த இடத்தை விட்டுவைத்திருந்தனர். இப்போது அவர் காத்திருக்கிறார்.

நேற்று வியர்க்க வியர்க்கத் தடுமாறியவர் அந்த இடத்தைக் கடந்து சென்றது ஏன் என்று இப்போது புரிகிறதா? அவர் கை பழகவில்லை. ஆனால் கண் பார்த்தது, மனம் எண்ணியது. கைப்பழக்கம் நாளடைவில் வந்துவிடும். கருவியும் துணைநிற்கும். இடத்தின் அளவைக் கருவி சொல்லும். அது யாருக்கு வேண்டிய இடம் என்பதை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்
திசைமாற்றி – ஸ்டீயரிங்
தடைமிதி – பிரேக்
உணரி – சென்சார்
மீயொலி – செவிக்கு எட்டாத மிகுந்த அதிர்வுடைய ஒலி
சாய்தளம் – படிக்கு மாற்றாக அமைந்த சரிவான பாதை

சேர்த்தும் பிரித்தும் அறிவோம்
மீ + ஒலி = மீயொலி
அ + ஒலி = அவ்வொலி
தான் + இயங்கி = தானியங்கி

பயிற்சி
1. இணை நிறுத்தத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவது ஏன்?
2. எதிரொலி 0.02 நொடியில் திரும்பினால் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கும்?
3. பிரித்து எழுதுக: இவ்வசதி, எதிரொலி.
4. "அவர் கை பழகவில்லை, ஆனால் கண் பார்த்தது, மனம் எண்ணியது" – இத்தொடரை விளக்குக.
5. உம் பள்ளி வாயிலில் வண்டிகள் நிறுத்தப்படும் முறையை ஒரு வாரம் உற்றுநோக்குக. செய்யவேண்டிய மாற்றங்களைக் குறித்து முதல்வருக்குக் கடிதம் எழுதுக.