வாசல் வழியாக நுழையுங்கள்

கேள்வி: மத்தியதரைக் கடலோரத்துப் பழைய நகரங்களைப் பாய்மரக் கப்பலில் போய்ப் பார்க்கலாமாமே! பேருந்தில் போவதைவிட அதில் என்ன விசேஷம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவற்றில் பலவும் துறைமுக நகரங்கள். சாலை வழியாகப் போனால் கொல்லைப்புறமாக நுழைகிறீர்கள். கடல் வழியாகப் போனால் வாசலில் இறங்குகிறீர்கள்.

முதல் பயணத்துக்குத் துருக்கியின் தென்மேற்குக் கரை நல்லது. 'குலெட்' எனப்படும் மரக்கப்பல்கள் அங்கே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. படுக்கை, சாப்பாடு எல்லாம் கப்பலிலேயே.

அந்தக் கரையில் உள்ள பழைய நகரமான க்னிதோஸில் இரட்டைத் துறைமுகம். நங்கூரம் போட்டதுமே கரையில் கிரேக்க நாடக அரங்கின் படிவரிசைகள் தெரியும். சிற்பி பிராக்சிட்டிலீஸ் செதுக்கிய அஃப்ரோடைட்டி சிலை நின்ற ஊர் இது. மூலச் சிலை இன்று இல்லை; ரோமானியர் காலப் பிரதிகள்தான் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கிழக்கே போனால் கெக்கோவா தீவு. நிலநடுக்கங்களால் கரை தாழ்ந்துவிட்டதால், வீட்டுப் படிக்கட்டுகள் தண்ணீருக்குள் இறங்கிப் போகின்றன. அந்த இடிபாடுகளுக்கு மேல் நீந்தத் தடை, படகிலிருந்தே பார்க்கலாம். எதிர்க்கரையில் சிமேனா. அங்கே கோட்டைக்குள் பாறையைக் குடைந்து செய்த குட்டி அரங்கமும், கடலுக்குள் தனியாக நிற்கும் பழங்கால லிசிய மக்களின் கல் ஈமப்பெட்டியும் உண்டு.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பாய் இருந்தாலும் குலெட் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும். பாய் விரிப்பார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. ஏஜியன் கடல் பக்கம் 'மெல்டெமி' என்ற வடகாற்றும் பலமாக வீசும். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ உத்தமம். இடிபாடுகளில் நிழல் அரிது. தொப்பியையும் தண்ணீரையும் மறக்காதீர்கள்.