விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சாச்சு: பழைய லேப்டாப்பை மாத்தியே ஆகணுமா?

வீட்டுலயோ கடையிலயோ 2016, 2017-ல வாங்கின லேப்டாப் ஒண்ணு இன்னும் ஓடிட்டு இருக்கா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமா கொடுத்துட்டு இருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. மறுநாள் எந்த லேப்டாப்பும் நின்னு போகலை. அதனாலேயே பல பேர் அதே சிஸ்டத்துல நெட் பேங்கிங்கும் பண்ணிட்டு இருக்காங்க. இன்னொரு பக்கம், "இது இனிமே வேலைக்கு ஆகாது சார்"னு யாரோ சொன்னதைக் கேட்டு 45,000 ரூபாய்க்கு இஎம்ஐ போட்டவங்களும் உண்டு. ரெண்டு தரப்பும் கேட்க மறந்த கேள்வி: அந்த லேப்டாப்புல பணம் சம்பந்தப்பட்ட வேலை என்னென்ன நடக்குது?

அதுக்கு முன்னாடி, உங்க லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதான்னு பாருங்க. பிராசஸர் பேர்ல ஐ5-7200, ஐ5-8250 மாதிரி ஒரு நாலு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம்தான் தலைமுறை. இன்டெல்ல பொதுவா 8-வது தலைமுறையும் அதுக்கு மேலயும்தான் தேறும். கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேணும். தேறினா இலவசமா விண்டோஸ் 11-க்கு மாறிடலாம், செலவே இல்லை. தேறாத லேப்டாப்புல குறுக்கு வழியில விண்டோஸ் 11 போட்டுத் தர்றவங்க இருக்காங்க. அப்படிப் போட்டா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் கொடுக்கலை. அப்டேட்டுக்காகத்தானே மாறறோம்? அந்தச் செலவு வீண்.

தேறலைன்னா முதல்ல செய்ய வேண்டியது, இஎஸ்யு-ங்கற நீட்டிப்புத் திட்டத்துல சேர்றது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். கட்டணம் 30 டாலர். ஆனா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி, விண்டோஸ் பேக்கப் மூலமா செட்டிங்ஸை சிங்க் பண்ணா பைசா கட்ட வேண்டாம். உங்க விண்டோஸ் 22எச்2 பதிப்பா இருக்கணும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கான லிங்க் தெரியும். இப்ப சேர்ந்தாலும் விட்டுப்போன அப்டேட் எல்லாம் வந்துடும்.

டொமைன்ல இணைச்ச ஆபீஸ் சிஸ்டங்களுக்குக் கணக்கு வேற. ஒரு சிஸ்டத்துக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்து 122, மூணாவது வருஷம் 244. மொத்தம் 427 டாலர். நம்ம பணத்துல 35,000-க்கு மேல போகுது. ஏழெட்டு வருஷப் பழைய சிஸ்டத்துக்கு இவ்வளவு கட்டறதை எந்த கிளையன்ட்டுக்கும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன். முதல் வருஷம் மட்டும் கட்டி, அந்த அவகாசத்துல மாத்தறதுன்னா சரி.

நீட்டிப்பும் முடிஞ்ச பிறகு? வேலையைப் பிரிச்சிடுங்க. பாங்க், டீமேட், வருமான வரி, ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லாம் அப்டேட் வர்ற ஒரு சிஸ்டத்துல மட்டும். பழைய லேப்டாப்புல டாலி ஓடட்டும், பில் அடிக்கட்டும், ஆனா இன்டர்நெட் இணைப்பை எடுத்துடுங்க. பென் டிரைவ் போடறதுலயும் கவனம் வேணும், வைரஸ் அந்த வழியாவும் வரும்.

வெறும் பிரவுசர் வேலைதான்னா அதே லேப்டாப்புல லினக்ஸ் மின்ட் போடலாம். இலவசம், அப்டேட்டும் ஒழுங்கா வரும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி மாத்தினா வேகத்துல நல்ல வித்தியாசம் தெரியும். தனிநபர் வியாபாரியா இருந்தா ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி வச்சே ஃபைல் பண்ணிடலாம், லினக்ஸ் போதும். கம்பெனி, எல்எல்பி-க்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்த டோக்கனை லினக்ஸ்ல ஓட வைக்கறது பெரிய தலைவலி. கடைசி தேதி அன்னிக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

"புதுசு வாங்கினா வரி மிச்சம் ஆகுமே"ன்னு ஒரு வாதம் வரும். சம்பளக்காரங்களுக்கு லேப்டாப் செலவுல ஒரு ரூபாய்கூட கழிக்க முடியாது. வியாபாரிகளுக்குக் கம்ப்யூட்டர் தேய்மானம் 40 சதவீதம்; அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா 20 தான். உத்தேச வருமானம் காட்டறவங்களுக்குத் தேய்மானம் அதுக்குள்ளேயே அடங்கிடுது, தனியா எதுவும் கிடைக்காது. சின்னக் கடைக்காரங்க நிறையப் பேர் இந்த வகைதான். 18 சதவீத ஜிஎஸ்டியை கிரெடிட் எடுக்கலாம், ஆனா காம்போசிஷன்ல இருந்தா அதுவும் இல்லை. 30 சதவீத வரி கட்டறவருக்கே 45,000-ல முதல் வருஷம் 40 சதவீதம்னா 18,000 கழிவு, வரியில மிச்சம் சுமார் 5,400. அதுக்காக 45,000 செலவு பண்ணணுமான்னு நீங்களே பாருங்க.

பாங்க் வேலையை மட்டும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வங்கி மேலயும் உங்க மேலயும் தப்பில்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு இழப்பு இல்லை. உங்க கவனக்குறைவுன்னா, வங்கிக்குத் தெரிவிக்கற வரைக்கும் போன பணம் உங்க தலையில. பாஸ்வேர்டை மத்தவங்ககிட்ட கொடுக்கறதைத்தான் அதுல உதாரணமா சொல்லியிருக்காங்க. அப்டேட் இல்லாத சிஸ்டமும் கவனக்குறைவுதான்னு வங்கி வாதாட நாமளே ஏன் இடம் கொடுக்கணும்? பணம் போயிட்டா உடனே வங்கிக்கும் 1930-க்கும் போன் பண்ணுங்க.

பழைய லேப்டாப்பை விக்கறதுக்கோ, லினக்ஸ் போடறதுக்கோ முன்னாடி டாலி டேட்டாவை பேக்கப் எடுத்துடுங்க. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னோட கடைசி தேதியிலிருந்து 72 மாசம் கணக்கு வச்சிருக்கணும். 2023-24 கணக்குன்னா 2030 டிசம்பர் 31 வரை. பேக்கப்பை வேற ஒரு சிஸ்டத்துல ரீஸ்டோர் பண்ணி, லெட்ஜர் திறக்குதான்னு பாருங்க. திறந்த பிறகு பழைய டிஸ்க்கை அழிச்சா போதும்.