பலகையின் நிறத்தை எண்ணில் எழுதுங்கள்

மலேசியாவின் லிங்கி வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பலகை ஆலையின் தரக்கட்டுப்பாட்டு வேலை நன்றாகப் பொருந்தும். 25, 30 வயதில் மறுநடவுக்காக விழும் ரப்பர் மரம்தான் ஜொகூர் மூவாரில் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறி ஏற்றுமதியாகிறது. அதன் வெளிர் நிறத்துக்குத்தான் விலை. மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த மரம் என்பதால், வெட்டிய சில நாளிலேயே நீலக்கறைப் பூஞ்சை ஏறிவிடும்.

“லேசான கறை” என்று எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும். நிறமானி என்ற கருவி நிறத்தை எண்ணாகத் தரும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் (சி.ஐ.இ.) 1976ஆம் ஆண்டு முறைப்படி ‘எல்’ வெளிர்மை (0 கறுப்பு, 100 வெள்ளை), ‘ஏ’ பச்சை–சிவப்பு, ‘பி’ நீலம்–மஞ்சள்.

அளக்கும் முறை

1. கருவியை முதலில் அதன் வெள்ளை ஓட்டில் வைத்துச் சரிபாருங்கள்.

2. மாதிரித் துண்டை இழைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து அளங்கள். ஈர மரம் கறுத்துக் காட்டும்.

3. கணு இல்லாத இடத்தில் பென்சிலால் வட்டமிட்டு, அங்கேயே மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

4. முதல் அளவிலிருந்து எல், ஏ, பி மூன்றும் மாறிய அளவுகளைத் தனித்தனியே வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். உதாரணமாக, எல் 78இலிருந்து 68, ஏ 3இலிருந்து 2, பி 20இலிருந்து 16 என இறங்கினால் மொத்த நிறமாற்றம் 10.8.

எண் சொல்வது என்ன?

நீலக்கறை எல், பி இரண்டையும் இறக்கும். பழுப்பு அழுகல் செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவைப்பதால் மரம் கறுக்கும். வெள்ளை அழுகல் லிக்னினையும் அரிப்பதால் மரம் பெரும்பாலும் வெளுக்கும். ஆகவே எல் ஏறினாலும் சந்தேகப்படுங்கள்.

நிறம் எச்சரிக்கை மட்டுமே. நீலக்கறை பிடித்த பலகை பார்வைக்குக் கெட்டாலும் வலு அதிகம் குறையாது. அழுகலை உறுதிசெய்ய, உலர்த்திய துண்டின் எடை முன்பைவிட எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள்.

எண் சரிந்தால் உடனே மூன்று கேள்வி கேளுங்கள்: மரம் எப்போது விழுந்தது, எப்போது அறுபட்டது, போரான் மருந்து எப்போது ஏறியது? அறுத்த பலகைக்குத் தாமதமின்றி மருந்தேற்றி, ஈரப்பதத்தை 20 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால் பூஞ்சை வளராது.

நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் மேலேயுள்ள கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். எண்ணைப் படித்து, காரணத்தையும் சொல்லத் தெரிந்தவரைத்தான் ஆலை தேடுகிறது.